இருபது வருடமாக வெள்ளம் வராத தரவை

வெள்ளம் வடிந்த பதினோராம் நாள் இமெல்டா மூடிய சட்டியொன்றில் கணவாய்க் கறி கொண்டுவந்தாள். படலையைத் திறந்து, முற்றத்துச் சேற்றில் செருப்புப் புதையாமல் ஓரமாக நடந்து வந்து, இராசேஸ்வரியின் கையில் சட்டியைக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு நேத்து கீரிக் கடக்கரையிலேருந்து கொண்டாந்தாரு அக்கா. பள்ளிக்கூடத்துல வச்சு ஆக்குனது. உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

"ஏன் பிள்ளை உனக்கு இந்த வேலை? இருக்கிற இருப்பில..."

"உசிரைக் காப்பாத்துனவருக்கு ஒரு சட்டி கறி கூடக் குடுக்கலன்னா எப்படிக்கா? அண்ணன் இருக்காரா?"

அண்ணன் இருந்தார். அறைக்குள் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி மனைவிக்குக் கையால் சைகை காட்டினார். இராசேஸ்வரி அப்படியே சொன்னாள். இமெல்டா கதவுப்பக்கம் பார்த்து, "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் யோகராசா சோற்றில் மோரை ஊற்றித் தின்றார். கறிச் சட்டியின் மூடியை அவர் திறக்கவில்லை.

மன்னார்ப் பக்கம் உயிலங்குளத்திலிருந்து ஆறு மைல் தெற்கே உள்ள அந்த ஊரில் யோகராசா வட்டவிதானையாக இருந்து பதினைந்து வருடமாகிறது. அதற்கு முன் அவருடைய தகப்பன் அந்த வேலையைப் பார்த்தார். குளத்துத் துருசைத் திறந்து முறைப்படி வயலுக்குத் தண்ணீர் விடுவது, வாய்க்காலை யார் துப்புரவாக்கவில்லை என்று பார்ப்பது, கூட்டத்தில் காலபோக விதைப்புக்கு நாள் வைப்பது எல்லாம் விதானையின் பொறுப்பு. சம்பளம் இல்லை, அறுவடையில் ஆளுக்கு ஒரு கடகம் நெல் கொடுப்பார்கள். பெரிய பதவியல்ல. ஆனால் ஊரில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அதை விதானைதான் சொல்ல வேண்டும். கச்சேரியிலிருந்து வரும் அரசாங்க உத்தியோகத்தர்களும் அவரைத்தான் கேட்பார்கள்.

அவர் கெட்ட மனிதரல்ல. அப்படிச் சொல்வது அவருக்கு எந்த வகையிலும் உதவாது என்றாலும். களவெடுத்ததில்லை. முறை மாற்றித் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியதில்லை. குடிப்பதில்லை. ஒருவரின் நேர்மையைச் சிறிய காரியங்களில் பார்த்துப் பழகிய ஊர், பெரிய காரியத்திலும் அது இருக்குமென்று நம்பிவிடுகிறது. அவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நம்பியிருந்தார்.

ஊருக்குக் கிழக்கே, குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் வானுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அறுபது ஏக்கர் அளவில் ஒரு தரவை இருக்கிறது. புல்லும் சிறு பற்றைகளும் தவிர வேறொன்றும் இல்லாத தாழ்ந்த வெளி. கோடையில் மாடு மேயும். கடும் மாரியில் குளம் வான் பாய்ந்து, ஆறும் கரை கடந்தால், இரண்டு தண்ணீரும் அங்கே வந்து சேரும். சேர்ந்து, அகலமாகப் பரவி, வேகம் குறைந்து, இரண்டு மூன்று நாளில் மெல்ல இறங்கும். அந்த வெளி இருப்பதால்தான் கீழேயுள்ள வயல்கள் தப்பும். யோகராசாவின் தகப்பன் காலத்தில் அங்கே ஒரு வரம்பு கட்டக்கூட யாரையும் விட்டதில்லை. யாராவது கேட்டால், "அது வெள்ளத்தின்ர காணி, அவரிட்டைப் போய்க் கேள்" என்பாராம்.

இரண்டாயிரத்து ஏழில் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மடு, பிறகு வன்னி, பிறகு முள்ளுக்கம்பி முகாம். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீடுகளில் கூரை இல்லை. யோகராசா முதல் வாரத்திலேயே பழைய மாடுகளில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று தேடித் தரவைக்குப் போனார். மாடு இல்லை. ஓரத்தில் நின்ற மருத மரங்களின் கிளைக் கவர்களில் காய்ந்த வைக்கோலும் பிளாஸ்ரிக் பைகளும் ஓர் அலுமினியத் தட்டும் சிக்கிக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே மரப்பட்டை முழுக்கச் சேறு காய்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. அவர் ஒரு மரத்தோடு ஒட்டி நின்று பார்த்தார். சேற்றின் மேல் விளிம்பு அவருடைய நெஞ்சுக்கு வந்தது.

ஊரில் ஒருவரும் இல்லாத அந்த வருடங்களில் ஒன்றில் பெரிய வெள்ளம் வந்து போயிருக்கிறது என்பது அவருக்கு உடனே விளங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டுமென்று அல்ல. அப்போது பேசுவதற்கு மிதிவெடியும் கூரைத் தகரமும் காணாமற்போன பிள்ளைகளும் இருந்தன. அடுத்த இரண்டு மாரியில் வைக்கோல் உக்கி விழுந்தது. சேறு கழுவுப்பட்டது. மரம் மரமாக நின்றது.

இரண்டாயிரத்துப் பதினேழில் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய பன்னிரண்டு குடும்பங்களை அந்த ஊரில் குடியேற்றத் தீர்மானித்தார்கள். இமெல்டாவின் குடும்பம் அதில் ஒன்று. ஆறு வயதில் பேசாலையிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவள், மண்டபம் முகாமில் வளர்ந்து, அங்கேயே சந்தியோகுவைக் கட்டி, மூன்று பிள்ளைகளோடு திரும்பி வந்திருந்தாள். பேசாலையில் தாயின் காணியைச் சொந்தக்காரர் பிரித்து எடுத்துவிட்டார்கள். அரசாங்கம் எங்கே காட்டுகிறதோ அங்கே போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

காணி உத்தியோகத்தர் கோகுலன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். படத்தில் இரண்டு இடங்களுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டு வந்தான். ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலம். மற்றது தரவை.

"விதானையார், எனக்கு மேடுதான் நல்லதாப் படுது. ஆனா அதில ஒரு பக்கம் ஆரோ கம்பிவேலி அடைச்சிருக்கினம். ஆரெண்டு தெரியுமோ?"

யோகராசாவுக்குத் தெரியும். வேலி அடைத்தது அவர்தான். அரச காணிதான், ஆனால் ஊரில் அரைவாசிப் பேர் இப்படித்தான் அடைத்து வைத்திருந்தார்கள். இளைய மகள் கீர்த்திகாவுக்கு ஒரு வீடு வைக்க வேண்டும் என்று திரும்பி வந்த கையோடு கட்டை நாட்டி முள்ளுக்கம்பி இழுத்திருந்தார்.

"தம்பி, மேட்டில தண்ணிக் கஷ்டம். கிணறு வெட்டினாலும் உப்பு," என்றார். அது பாதி உண்மை. "தரவைதான் வசதி. நல்ல வெளி."

"வெள்ளம் கிள்ளம் வராதோ?"

"நாங்கள் இருக்கக் கண்டதில்லை."

"அப்ப அதை ஒரு கடிதமாத் தாங்கோ. பைலுக்குத் தேவை."

யோகராசா மகளின் கொப்பியிலிருந்து தாள் கிழித்து, கதிரையில் இருந்து, நிதானமாக எழுதினார். "எமது ஊர் மக்கள் அறிந்தவரையில் கடந்த இருபது வருடங்களில் மேற்படி நிலத்தில் வெள்ளம் ஏற்பட்டதில்லை என்பதை இத்தால் அறியத் தருகின்றேன்." எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்தார். ஊர் மக்கள் அறிந்தவரையில் என்பது உண்மை. வெள்ளம் வந்தபோது அறிவதற்கு ஊரில் மக்கள் இல்லை. பார்க்க ஆளில்லாத மூன்று வருடங்களையும் வெள்ளம் வராத வருடங்களோடு சேர்த்து எண்ணிக்கொண்டார். முழுப் பொய் சொல்லத் துணிவில்லாதவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட வாக்கியங்கள் தேவைப்படுகின்றன. எழுதும்போது அவருக்கு ஒரு வகைத் திருப்திகூட இருந்தது. எழுத்தில் பிழை பிடிக்க யாராலும் முடியாது.

தரவையில் பன்னிரண்டு வீடுகள் எழுந்தன. வீடுகளுக்குப் போகக் கிறவல் றோட்டொன்றும் போட்டார்கள். சேறாகாமல் இருக்க நாலடி உயர்த்திப் போட்டார்கள். அடியில் ஒரு மதகுகூட வைக்கவில்லை. வெள்ளம் வராத நிலத்தில் மதகு எதற்கு? அந்த றோட்டுத் தரவையைக் குறுக்கே மறித்து அணைபோலக் கிடந்தது. யோகராசா அதைப் பார்த்தார். விதானைக்குத் தெரியாததல்ல. ஆனால் மதகு வேண்டுமென்று சொன்னால், ஏன் என்று கேட்பார்களே.

கீர்த்திகா கலியாணம் முடித்துப் பிரான்சுக்குப் போனாள். மேட்டுக்காணியில் வீடு எழும்பவில்லை. வேலிக்குள் ஆடுதொடா வளர்ந்தது.

எட்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு மாரியும் அவர் எழுதியதை இன்னும் கொஞ்சம் உண்மையாக்கியது. இமெல்டா ஆடு வளர்த்தாள், தையல் மெசின் வாங்கினாள். சந்தியோகு கிழமை நாட்களில் கீரியில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய், சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தான். இமெல்டாவின் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு ஊர்ப் பிள்ளைகள் "சினிமாக்காரர்" என்று பட்டம் வைத்தார்கள். பிறகு அந்தப் பட்டம் அவர்களுக்கே பிடித்துப் போனது. இமெல்டா எந்தக் காரியத்துக்கும் யோகராசாவிடம் வருவாள். ஆட்டுக்குக் கழிச்சல் என்றாலும் வருவாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. மூன்று நாள் விடாத மழை. இரண்டாம் நாள் மத்தியானம் யோகராசா குளத்துக் கட்டில் நின்று பார்த்தார். வான் பாய இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. ஆற்றின் இரைச்சல் அங்கேயே கேட்டது. இரவோ காலையோ இரண்டும் சேரும் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு தரவைக்குப் போனார். இமெல்டா வாசலில் பாயைக் கட்டிச் சாரலை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"மழை கடுமையாக் கிடக்கு, பிள்ளை. விருப்பமெண்டால் எல்லாரும் பள்ளிக்கூடத்தில வந்து படுங்கோ."

"தண்ணி வருமாண்ணே?"

அந்தக் கேள்விக்கு ஓம் என்று ஒரு சொல் போதும். யோகராசா அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஓம் என்றால், அடுத்து அவள் கேட்கப்போகும் கேள்வியும் அவருக்குக் கேட்டது.

"அப்பிடியெண்டில்லை," என்றார். "விருப்பமெண்டால் மட்டும்."

"அப்ப எதுக்குண்ணே? ஆட்டையெல்லாம் எங்க கட்டுறது? வராதுன்னா இருந்துக்கிறோம்."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். கடிதம் எழுதியதை மன்னிக்க ஒருவர் காரணம் தேடலாம். மகளுக்கு ஆசைப்பட்ட தகப்பன், வறுமை, போர் என்று எதையாவது பிடித்துக்கொள்ளலாம். அந்த மத்தியானத்துக்கு அவரே தேடியும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முந்திய ஒரு வாக்கியம் பொய்யாகிவிடக் கூடாதென்று, மழையில் நின்ற பன்னிரண்டு குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

விடியும்போது வெள்ளம் வந்தது. றோட்டு மறித்ததால் பரவ வழியின்றி வீடுகளுக்குள் ஏறியது. யோகராசா உழவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, பெட்டியில் கயிறும் லொறி ரியூபும் போட்டுக்கொண்டு, தனியாகத் தண்ணீருக்குள் இறங்கினார். இயந்திரம் நின்றுபோகும்வரை நாலு தரம் போய் வந்தார். பிறகு கயிற்றைப் பிடித்து நடந்தார். ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள். இமெல்டாவின் ஒன்பது ஆடுகளும் கட்டிய இடத்திலேயே செத்தன. தையல் மெசின் சேற்றுக்குள் போனது. அதைவிடப் பெரிய இழப்பு ஒரு நீலப் பை. மூன்று பிள்ளைகளும் மண்டபத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய பிறப்புப் பத்திரம், குடியுரிமைச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருந்தன. நாலு வருடம் கொழும்புக்கும் மன்னாருக்குமாகக் கந்தோர் கந்தோராக ஏறி எடுத்தவை. பை கிடைக்கவேயில்லை.

"போனாப் போகுது, புள்ளைங்க இருக்குல்ல," என்று இமெல்டா எல்லாரிடமும் சொன்னாள். உழவு இயந்திரப் பெட்டியில் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டே யோகராசாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் இறங்குமுன், அத்தனை பேர் முன்னால் அவள் அதைச் செய்தாள். வெட்கம் என்பது குற்றம் வெளிப்படும்போது வருவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். யோகராசாவுக்கு அது நன்றி சொல்லப்பட்டபோது வந்தது, வந்ததிலிருந்து போகவில்லை.

கணவாய்க் கறி வந்த மறுநாள் கோகுலன் மோட்டார் சைக்கிளில் வந்தான். எட்டு வருடத்தில் தலை முன்பக்கம் வழுக்கையாகியிருந்தது.

"விதானையார், ரெண்டு நல்ல செய்தி. ஒண்டு, திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில கூட்டம். உங்களுக்குப் பொன்னாடை போத்துவினமாம். மற்றது, அந்தப் பன்னெண்டு வீட்டுக்கும் திருப்பிக் கட்ட உதவி வருது."

"எங்க கட்ட?"

"அதே இடத்திலதான். காணி மாத்திறதெண்டால் திரும்ப முதலிலயிருந்து தொடங்கோணும். உங்கட கடிதம் ஒண்டு புதுசா வேணும், அவ்வளவுதான்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். பழைய கடிதத்தின் போட்டோப் பிரதி. "கடுதாசி பழசு, கையெழுத்து மட்டும் புதுசு. வசனத்தைக் கொஞ்சம் மாத்துவம். 'இம்முறை தவிர' எண்டு போட்டால் சரி."

"இம்முறை தவிர."

"ஓம், இருபது வருசத்தில ஒருக்காத்தானே வந்தது? பெரிய விசயமில்லை."

யோகராசா தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து அழகாக இருந்தது. "திங்கக்கிழமை தாறன்" என்றார்.

அன்று பின்னேரம் மனைவி நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றார்.

"இமெல்டாவுக்குச் சொல்லப்போறன்."

இராசேஸ்வரி சுளகை நிறுத்தவில்லை. என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கவுமில்லை. "சொன்னால் ஆடு திரும்பி வருமோ?"

"அதே இடத்தில கட்டப்போகினம், ஈசு."

"மேட்டுக்காணி போயிடும். பிள்ளை கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"பிள்ளை அந்தக் காணியை எட்டு வருசமாக் கேக்கேல்லை."

"ஊர் உங்களைக் காறித் துப்பும். அதுக்கும் ஆயத்தமோ?" அவள் உமியை ஊதினாள். "ஒருத்தருக்கும் தெரியாததை ஏன் நீங்களாப் போய்க் கிண்டுறியள்? அதே இடத்தில கட்டாதேங்கோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. காரணம் ஏன்?"

அதை அவரும் யோசித்திருந்தார். காரணம் சொல்லாமல் ஒரு புத்திமதிபோலச் சொல்லிவிட்டுத் தப்பலாம். ஆனால் வெள்ளத்துக்கு முதல் நாள் இமெல்டாவின் வாசலில் அப்படித்தானே சொன்னார், விருப்பமெண்டால் என்று.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். பள்ளிக்கூட மண்டபத்தின் ஒரு பாதியில் இன்னும் பாய்களும் மூட்டைகளும் கிடந்தன. மறுபாதியில் கதிரை போட்டிருந்தார்கள். ஊர்க்காரர் முன்வரிசையில், பன்னிரண்டு குடும்பத்துப் பெண்கள் பின்னால் தரையில். சந்தியோகு சுவரோரமாக நின்றான். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் பார்த்தீபன், யோகராசாவின் தங்கை மகன், ஒலிவாங்கியில் நீளமாகப் பேசினான். தன்னுயிரைப் பாராமல் என்றான். இந்த மண்ணின் மைந்தன் என்றான். பிறகு பொன்னாடையை எடுத்து, "போர்த்துவதற்கு எங்கள் சகோதரி இமெல்டாவை அழைக்கிறேன்" என்றான்.

இமெல்டா எழுந்து வந்தாள். யாரோ கொடுத்த சேலை அவளுக்குக் கட்டையாக இருந்தது. பொன்னாடையை விரித்தபோது யோகராசா இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தடுத்தார்.

"பொறு பிள்ளை. முதல் நான் கதைக்கோணும்."

"பேசுங்கண்ணே, போத்திட்டுப் பேசுங்க."

"இல்லை."

ஒலிவாங்கியை வாங்கினார். ஆயத்தம் பண்ணி வந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "தரவையில வெள்ளம் வருமெண்டு எனக்கு முதலே தெரியும்," என்று தொடங்கினார். "நாங்கள் இல்லாத காலத்தில வந்தது. ரெண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு திரும்பி வரேக்க மருத மரத்தில வைக்கல் கிடந்தது, இந்தா, இந்த உயரத்தில." நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். "தெரிஞ்சுகொண்டுதான் வராது எண்டு எழுதிக் குடுத்தனான். மேட்டுக்காணி என்ர வேலிக்குள்ள கிடந்தது. மகளுக்கு வேணுமெண்டு நினைச்சனான். வெள்ளத்துக்கு முதல் நாளும் வந்தனான். நீ கேட்டனி, தண்ணி வருமோ எண்டு. வருமெண்டு தெரிஞ்சும் நான் சொல்லேல்லை."

தன் குரல் ஒலிபெருக்கி வழியாகப் பெரிதாகித் திரும்பி வருவதைக் கேட்டார். மண்டபத்தில் ஆரவாரம் எழும், யாராவது எழுந்து ஏசுவார் என்று எதிர்பார்த்தார். அதற்குத்தான் மூன்று நாளாக மனதைத் தயார்ப்படுத்தியிருந்தார். ஒன்றும் எழவில்லை. முன்வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இன்னொருவர் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தார். அதிர்ச்சி அடைந்தவர்களின் அமைதி அல்ல அது.

பார்த்தீபன் அருகில் வந்து, அவருடைய காதோரம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "மாமா, உங்களுக்கென்ன விசரோ? அந்த வைக்கலை ஊரெல்லாம் கண்டதுதானே. அப்ப ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, இப்ப ஏன் நீங்கள் மட்டும்..."

ஒலிவாங்கி யோகராசாவின் கையில் வாயருகே இருந்தது. அணைத்திருக்கவில்லை. அந்த வார்த்தைகள் முழுவதும் மண்டபத்திலும் வெளியே வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலும் தெளிவாகக் கேட்டன.

பார்த்தீபன் நிமிர்ந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

யோகராசா ஊராரைப் பார்த்தார். பதினைந்து வருடமாகத் தன்னுடையது மட்டுமென்று காவித் திரிந்த இரகசியம் அந்தக் கதிரைகள் எல்லாவற்றிலும் இருந்தது. அந்தப் பத்தாம் ஆண்டில் தரவைக்கு மாடு தேடிப் போகாத வீடு எது? அவர் கடிதம் எழுதியபோது அவரவர் வேலிக்குள் அவரவர் துண்டுக் காணி பத்திரமாக இருந்தது. அவர் பொய் சொல்வார் என்று தெரிந்து, நம்பி, விட்டிருக்கிறார்கள். பங்கு போட ஆட்கள் கிடைத்தால் சுமை குறையும் என்பார்கள். அவருக்கு அது குறையவில்லை. தன் மேல் மட்டும் கிடந்த வெட்கம் இப்போது ஊரின் மேலும் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இமெல்டா பொன்னாடையை மடிக்கவுமில்லை, கீழே போடவுமில்லை. கையில் பிடித்தபடி முன்வரிசையை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

பார்த்தீபன் எட்டி ஒலிவாங்கியை அணைத்தான்.

"எங்க புள்ளைங்க ஒங்க புள்ளைங்களோட ஒண்ணாத்தான படிக்குது? தெனம் எங்க வீட்டு வழியாத்தான போறீங்க, 'என்ன இமெல்டா, சமையலாச்சா'ன்னு கேட்டுக்கிட்டு?" அவள் குரல் உயரவில்லை. யோகராசாவின் பக்கம் திரும்பினாள். "நான் ஒங்க கையை எடுத்துக் கண்ணுல ஒத்துனேன். அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்."

"ஓம்," என்றார் யோகராசா.

"அப்பச் சொல்லலையே."

"இல்லை."

சுவரோரமாக நின்ற சந்தியோகு முன்னால் வந்தான். அடிக்கப்போகிறானோ என்று பார்த்தீபன் ஓரடி பின்வாங்கினான். சந்தியோகு கோகுலனிடம் போனான். "ஐயா, இவர் இப்ப சொன்னதை எழுதுங்கோ. எழுதி, இவரிட்டக் கையெழுத்து வாங்குங்கோ. பிறகு நாங்கள் மேட்டுக்காணி கேக்கிறம்."

கோகுலன் பேனையைத் தேடினான். அவனுடைய பைலுக்குள் கிடந்த பழைய கடிதத்தை அவனும்தான் ஒருமுறைகூடச் சரிபாராமல் எட்டு வருடம் வைத்திருந்தான். அது அவனுக்கும் அப்போது உறைத்திருக்க வேண்டும். "மேட்டுக்காணி வேலிக்குள்ள கிடக்கெண்டால் பிரச்சினை" என்று தொடங்கினான்.

"வேலியை நான் எடுக்கிறன்," என்றார் யோகராசா. "எழுதுறதில இதையும் சேருங்கோ. தரவையில இனி வீடுமில்லை, வயலுமில்லை. அந்த றோட்டை வெட்டி விடோணும். இல்லாட்டில் அடுத்த முறை தண்ணி பரவ இடமில்லாமல் கீழ ஊருக்குப் போகும்."

"றோட்டை வெட்டுறதோ!" என்று முன்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். அவருக்குத் தரவையின் மறுபக்கம், றோட்டு வெள்ளத்தை மறிக்கும் பக்கத்தில், களவாகப் போட்ட இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. பிறகு எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அடங்கினார். அந்த றோட்டுக்காக இனி நடக்கப்போகும் இழுபறி சிறிதல்ல என்பது அந்த ஒரு சத்தத்திலேயே தெரிந்தது.

இமெல்டா கேட்டாள்: "மேட்டுல தண்ணி வராதுன்னு யாரு சொல்றது?"

"வராது பிள்ளை. ஒரு காலமும்..." என்று யோகராசா சொல்லத் தொடங்கினார்.

"நீங்க சொல்ல வேணாம்." முன்வரிசையைக் காட்டினாள். "இவங்களும் வேணாம். வேற ஊர்க்காரங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்."

வெளியூர்க்காரர் ஒருவர் இருந்தார். விடத்தல்தீவு முஸ்லிம் பெரியவர் நஸார் காக்கா. இடம்பெயர முன்பும் திரும்பி வந்த பின்பும் அந்தப் பக்கத்தில் மாட்டுப் பட்டி வைத்திருந்தவர். கோகுலன் அவருக்குத் தொலைபேசி எடுத்தான்.

மறுநாள் காலை நஸார் பழைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மேட்டுக்காணியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். இமெல்டாவும் சந்தியோகும் மற்றப் பதினொரு குடும்பத்தவர்களும் அவர் பின்னால் நடந்தார்கள். யோகராசா விடியவே வந்து, குறட்டால் வேலிக்கம்பியைக் கட்டைகளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச தண்ணி வாறதெண்டால் மன்னார்த் தீவே முதல்ல கடலுக்குள்ள போயிருக்கும், தங்கச்சி," என்றார் நஸார். "வெள்ளம் வந்தா எங்கட வாப்பா பட்டியை இந்த மேட்டுக்குத்தான் சாய்ப்பார். மாட்டுக்குத் தெரிஞ்சது, மனிசனுக்குத் தெரியேல்லையோ உங்கட ஊரில?"

நஸாருக்குச் சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று தெரிந்தது. யோகராசாவைப் பார்த்து, "நான் பொதுவாச் சொன்னனான்" என்றார்.

"சரியாத்தான் சொன்னனீங்கள்," என்றார் யோகராசா.

"கிணறு?" என்று இமெல்டா நஸாரைக் கேட்டாள்.

"மேல் மூலையில வெட்டுங்கோ. கொஞ்சம் சவர்தான். குடிக்கேலாது, குளிக்கலாம்."

சந்தியோகு கால்களால் அடி வைத்துக் காணியை அளக்கத் தொடங்கினான். மற்ற ஆண்களும் பிரிந்து நடந்தார்கள். யோகராசா கடைசிக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டையைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கப் பார்த்தார். நல்ல பாலைக் கட்டை, ஆழமாக நாட்டியிருந்தார்.

இமெல்டா நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "கட்டையை விட்டுருங்க. அது எங்களுக்கு வேணும்."

அவர் கையை எடுத்தார். கம்பியை மட்டும், முள் உள்ளங்கையில் குத்தக் குத்த, வளையமாகச் சுற்றத் தொடங்கினார்.